ஒரு படலையில் இரண்டு இலக்கம்

போன வருடம் கச்சான் என்கிற மேல்காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்கள். திருகோணமலையில் காலை பஸ் ஏறி, சீனன்குடாவையும் கிண்ணியாப் பாலத்தையும் கடந்து, குறிஞ்சாக்கேணியில் வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்டி வேலை என்று நினைக்க வேண்டாம், அதற்குச் சம்பளம் தந்தார்கள். ஒப்பந்தத்தில் கிடைத்த கணக்கெடுப்பு வேலை. நாற்பத்தைந்து வயதில் தோளில் ஒரு பை, கழுத்தில் ஓர் அடையாள அட்டை, தலையில் தொப்பி. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மதிப்பிட்டால்தான் குழாய்த் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று திட்டம் போடலாமாம். எல்லாக் கதவையும் தட்ட ஆளுமில்லை, காலமுமில்லை. அதனால் சில தெருக்களை மட்டும் எடுத்து, அங்கே இருக்கிறவர்களை முதலில் பட்டியலில் ஏற்றுவோம். ஒவ்வொரு வீட்டின் வெளிவாசல் படலையிலும் ஓர் இலக்கம் ஒட்டுவோம். பிறகு அலுவலகத்தில் சீட்டுக் குலுக்குவதுபோலச் சில இலக்கங்களை எடுப்பார்கள். அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய், ஆட்கள், தண்ணீர், சமையல், சாப்பாடு என்று விரிவாகக் கேட்போம். எடுபட்ட ஒவ்வொரு வீடும் எடுபடாத பல வீடுகளுக்காகவும் சேர்த்துப் பதில் சொல்கிறது என்பதுதான் இந்த முறை.

இதைச் சனங்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. "எங்கட வீட்ட மட்டும் ஏன் மிஸ் புடிச்ச? பக்கத்து வீட்டுல எங்களவிடக் கூட ஆள் இரிக்கி, அங்க போங்களன்" என்பார்கள். நான் கறிக்கு உப்புப் பார்க்கிற கதையைச் சொல்வேன். சட்டி முழுவதையும் குடித்தா உப்புப் பார்க்கிறோம்? நன்றாகக் கலக்கிவிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இதைக் கேட்டால் பெண்கள் சிரித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போடுவார்கள்.

வேலைக்கு முன் திருகோணமலையில் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பயிற்சி தந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். "கூரையைப் பார்க்க வேண்டாம், சொந்தத்தைப் பார்க்க வேண்டாம், அடுப்பைப் பாருங்கோ." ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். ஒரு கூரைக்குக் கீழே அடுப்பு இரண்டென்றால் குடித்தனமும் இரண்டு. கூடப் பிறந்தவர்களானாலும் சரி, தாயும் மகளுமானாலும் சரி.

பிறகு பழகிப் பார்ப்பதற்காக ஆளுக்கு ஆள் படிவம் நிரப்பச் சொன்னார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை என்னைக் கேட்டு எழுதினாள். என் வீட்டில் அறை நான்கு. ஆள் நான் ஒருத்தி. அப்பா காலமாகிவிட்டார். தம்பிமார் இரண்டு பேரும் கனடாவில். அம்மாவையும் அவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள், எனக்கு விசா கிடைக்கவில்லை. குடும்பத்தவர்களை எழுதுவதற்கென்று ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டிருந்தது. அவள் முதல் கோட்டில் என்னை எழுதிவிட்டு, "வேற ஆர் அக்கா?" என்று பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "அவ்வளவுதான் பிள்ளை" என்றேன். எனக்குத் தெரியாத செய்தி இல்லைதான். ஆனாலும் மிச்சக் கோடெல்லாம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தபோது அங்கே இருக்க முடியவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போகிறமாதிரி எழும்பி வெளியே போனேன்.

இனிக் குறிஞ்சாக்கேணி வீட்டுக்கு வருகிறேன். கடலோரக் களப்பின் காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கிற குறுகலான ஒழுங்கை அது. ஒரு படலை, உள்ளே நீளமான ஓட்டு வீடு, அதற்கு இரண்டு வாசல். தாய் இருந்த வீட்டை இரண்டு மகள்களுக்கும் பாதி பாதியாகச் சீதனம் கொடுத்திருந்தார்கள். நடுவில் எழுப்பிய சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. மூத்தவ ஐம்பதைத் தாண்டியவ, கணவர் இல்லை, ஒரே மகன் கட்டாரில். இளையவ என் வயதுக்காரி, கணவரும் மூன்று பிள்ளைகளும்.

முதல்முறை பட்டியல் எழுதப் போனபோது இளையவதான் வெளியே வந்தா. அக்காவை அவ ராத்தா என்றா. நான் படிவத்தைப் பார்த்தபடி வாய்பாடு ஒப்பிக்கிறமாதிரிக் கேட்டேன். "பக்கத்தில ராத்தா இருக்கிறா எண்டனீங்கள். அவவும் உங்களோடதான் சாப்பிடுறவவா?"

அவவின் முகம் சுண்டிப்போனது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு களப்புப் பக்கம் பார்த்தா. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ரெண்டு எண்டு எழுதுங்க மிஸ். அடுப்பு வேற."

வீட்டின் பின்னால் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூத்தவவின் பக்கத்தில் பழைய குசினி, கரி பிடித்த சுவர். இளையவவின் பக்கத்தில் புதுத் தகரத்தில் ஒரு சின்னக் குசினி. இரண்டிலும் புகை. விதிப்படி இரண்டு குடித்தனம் என்று எழுதி, படலையில் இரண்டு இலக்கத்தையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒட்டினேன். இளையவ வந்து நின்று பார்த்தா.

"ஒரு படலைக்கு ரெண்டு இலக்கமா மிஸ்?"

"ஆக்கிறது வேற வேற எண்டா அப்பிடித்தான் ஒட்டவேணும்."

அவ விரலால் கீழ் இலக்கத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தா. பசை நன்றாகப் பிடித்திருந்தது.

சீட்டில் விழுந்தது மூத்தவவின் இலக்கம். விரிவான கேள்விகளோடு மறுபடியும் போனேன். படலையில் இளையவ, "எங்கட இலக்கம் விழல்லயா?" என்று கேட்டா. இல்லை என்றதும், பள்ளிக்கூடத்தில் பரிசு தவறிய பிள்ளைபோல உள்ளே போய்விட்டா.

மூத்தவ என்னைக் குசினி வாசலில் இருத்தி, பால் விடாத பிளேன்டி தந்தா. வாயாடி. கேள்வி ஒன்று கேட்டால் பதில் மூன்று வரும். வயது, படிப்பு, மகன் போன கதை, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிற கதை எல்லாம் ஓடியது. போன கிழமை வீட்டில் என்னென்ன சமைத்தீர்கள் என்ற பகுதிக்கு வந்தேன். எவ்வளவு அரிசி என்று கேட்டதும் அவவின் வாய் நின்றது.

"ஒரு நாளைக்கு மூணு சுண்டு" என்றா மெல்ல.

சுண்டு என்றால் எங்கள் பக்கத்தில் அரிசி அளக்கிற பேணி. ஓராளுக்கு மூன்று சுண்டு அரிசியா? தவறாகக் காதில் விழுந்ததோ என்று திருப்பிக் கேட்டேன்.

"மூணுதான் மிஸ். கை பழகிட்டு. ஆறு பேருக்குப் போட்ட கை. குறைக்கப் பாக்கன், ஏலாது. மிச்சம் கோழிக்கு."

என் வீட்டு நினைப்பு வந்தது. நான் ஒரு பிடி போட்டுப் பழகிவிட்டேன். எவ்வளவு சுலபமாகப் பழகினேன் என்று அந்த இடத்தில் வைத்து நினைக்க, வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன. படிவத்தைப் பார்க்கிறமாதிரிக் குனிந்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். "போன கிழமை சமைச்ச சாப்பாடு எதையாவது வேற வீட்டுக்குக் குடுத்தீங்களா? வேற வீட்டில இருந்து வந்ததா?"

"இல்ல" என்றா ஒரேயடியாக.

"பொய்!" என்றது சுவர்.

அதாவது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை. "திங்கக்கிழம மீன் ஆணம் வரல்லயா? என்ட சின்னவள்ட கையில ஆர் குடுத்துவிட்ட? எழுதுங்க மிஸ், கணக்குப் பிழைச்சிரும்!"

"உன்னட்ட ஆரும் கேக்கல்ல. உன்ட இலக்கம் விழல்ல" என்றா மூத்தவ, சுவரைப் பார்த்து.

பதில் சொல்கிறவரின் பேச்சில் இன்னொருவரைக் குறுக்கிட விடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த விதி. நான் பேனையை மூடிவைத்துவிட்டு, "தயவுசெய்து அவவைச் சொல்ல விடுங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசுவது இதுதான் முதல்முறை என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதோ தடுக்க மனம் வரவில்லை.

பிறகு ஒரு கிழமைச் சாப்பாடும் சுவருக்கு மேலால் போய் வந்தது. செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் இங்கே வந்து முட்டை பொரியல் சாப்பிட்டது. புதன்கிழமை அங்கே பருப்புக் கறியில் உப்புக் கூடிப்போனது இந்தப் பக்கத்துக்கு எப்படித் தெரியும் என்ற விசாரணை. வியாழக்கிழமை மூத்தவ ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அங்கிருந்து ஒரு குற்றச்சாட்டு. "சட்டி கழுவுற சத்தமே கேக்கல்ல. பசியில கிடந்தாக்கும்!" ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு, ஒருத்தியின் சட்டிச் சத்தத்தை மற்றவ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் இருந்தேன்.

கடைசியில் மூத்தவவுக்குக் குரல் உடைந்தது. "நான் பசியில கிடந்தா உனக்கென்ன? நான்தான் உங்களோட சாப்பிடுறவளாச்சே!"

பிறகு அவ என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க வாங்கக் கதையைச் சொன்னா. பெருநாள் முடிந்த கையோடு கட்டாரிலிருந்து மகன் சாச்சிக்கு, அதாவது தன் சின்னம்மாவுக்கு, போன் எடுத்திருக்கிறான். உம்மா எப்படி என்று கேட்டதற்கு, "ஒண்டுக்கும் யோசியாத மகன், உம்மா எங்களோடதானே சாப்பிடுறா" என்று தங்கை சொன்னது சுவருக்கு மேலால் இங்கே கேட்டிருக்கிறது. "என்ட குசினி மிஸ். என்ட கை ஆக்கின சோறு. அவள்ட மூணு பிள்ளையும் இந்தத் தரையில இருந்து திண்டு வளந்த. நான் அவங்களோட சாப்பிடுறனாம். என்ட மகனுக்கு அப்பிடிச் சொல்லலாமா?" அடுத்த நாளே வேறாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாவாம்.

முதல்நாள் படலையில் நின்று நான் கேட்டதும் இதே வார்த்தைகள்தானே. புண் எங்கே என்று தெரியாமல் நேரே அதில் விரலை வைத்திருக்கிறேன்.

"அவன் அங்க தனியக் கிடந்து கவலப்படுவான் எண்டுதானே ராத்தா சொன்ன" என்று சுவர் அழுதது. "வேற எப்பிடிச் சொல்ற? நீங்களே சொல்லித் தாங்க."

மூத்தவ என் படிவத்தைப் பார்த்தா. "கேள்வி முடிஞ்சா மிஸ்?" என்றா. முடிந்தது என்றேன். "அப்ப போய்ட்டு வாங்க" என்று கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

ஆறப்போகிற புண்ணைக் கீறிவிட்டு வந்தமாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போது குடாவில் கப்பல்கள் நிற்பது தெரிந்தது. எனக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கண்ணுக்குள் நின்றது. மீன் தலைக்குத் தம்பிமார் பிடிக்கிற சண்டை, அம்மாவின் அதட்டல், அப்பா சத்தமில்லாமல் தன் பங்கை எனக்குத் தள்ளிவிடுவது. அந்தச் சண்டை எனக்கு வேண்டும்போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "பொய்" என்று சொல்லவாவது ஓராள் வேண்டும்போல இருந்தது. அன்றைக்கு வீட்டில் உலை வைக்க மனமில்லாமல் கடைப் பாணும் சம்பலுமாக முடித்துக்கொண்டேன்.

ஒரு கிழமைக்கும் மேல் போயிருக்கும். எங்கள் மேற்பார்வையாளர் போன் எடுத்தார். நாங்கள் எழுதியது சரியா என்று சில வீடுகளுக்கு அவர் தனியாகப் போய்ப் பார்ப்பது வழக்கம். குரலில் சூடு தெரிந்தது.

"என்ன பிள்ளை, குறிஞ்சாக்கேணியில ஒரு படலையில ரெண்டு இலக்கம் ஒட்டியிருக்கிறீங்கள். அங்க ஒரு அடுப்புத்தானே எரியுது? எல்லாரும் ஒண்டாத்தான் சாப்பிடுறம் எண்டு சொல்லுதுகள்."

"சேர், நான் நேர போய்ப் பாத்துத்தான் எழுதினனான்."

"அப்ப நாளைக்கு என்னோட வாங்கோ, பாப்பம்."

வீட்டிலிருந்துகொண்டே கற்பனையில் படிவம் நிரப்புகிறவர்கள் உண்டு. என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார் என்பது விளங்கியது. அப்படி முடிவானால் அந்தத் தெருவில் நான் எழுதிய அத்தனை படிவமும் குப்பை, வேலையும் போய்விடும். பயந்துதான் போனேன். ஆனால் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து, அந்தப் பயத்தோடு வேறு ஒன்றும் மனதுக்குள் கிடந்து துள்ளியது.

மறுநாள் மத்தியானம் போல இரண்டு பேரும் போய் இறங்கினோம். தகரக் குசினிக்குள் விறகு அடுக்கியிருந்தது, ஒரு கோழி அதன்மேல் ஏறி இருந்தது. பழைய குசினியில் மட்டும் புகை. மேற்பார்வையாளர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இளையவ வெளியே வந்துவிட்டா.

"சேர், மிஸ் வந்த அண்டைக்கு ரெண்டு. இப்ப ஒண்டு" என்றா.

"அதெப்பிடிப் பத்து நாளைக்குள்ள மாறும்?" என்றார் அவர்.

ஓர் அந்நிய ஆண்பிள்ளைக்கு வீட்டுச் சண்டையை விளக்குவது அவவுக்குக் கூச்சம். நெளிந்தா. அப்போது மூத்தவ கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தா.

"சேர், மிஸ் எழுதினது சரி. நாங்கதான் பிழையா இருந்தம்."

அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. பேனையைத் திறந்துகொண்டு, இளையவவிடம் படிவத்தில் உள்ளபடியே கேட்டார். "அப்ப இப்ப ராத்தாவும் உங்களோடதான் சாப்பிடுறாவோ?"

இந்த மனுசனின் வாயைப் பொத்தலாமா என்றுகூடத் தோன்றியது. இளையவ ராத்தாவைத் திரும்பிப் பார்த்தா. பிறகு அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னா.

"இல்ல சேர். நாங்க ராத்தாவோட சாப்பிடுறம்."

மூத்தவ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறப்போகுது, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று எங்களை அதட்டினா. மேற்பார்வையாளர் வேலை நேரம் என்று மறுத்துவிட்டு, பிளேன்டியோடு வெளியே நின்றுகொண்டார். நான் மறுக்கவில்லை. பிள்ளைகளோடு தரையில் இருந்து சாப்பிட்டேன். மூன்று சுண்டுச் சோற்றில் எனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வந்தது. மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பால் கறி. சின்னவள் என் கோப்பையை எட்டிப் பார்த்து, எனக்குப் பெரிய துண்டு வந்துவிட்டது என்று முறையிட்டாள். அந்தச் சண்டையில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று அவளுக்குத் தெரியாது. நான் பாதியைப் பிய்த்து அவளுக்குப் போட்டேன். விருந்தாளியைப் படிவத்தில் எழுதக்கூடாது என்பதும் விதிதான்.

திரும்பும் வழியில் மேற்பார்வையாளர் சமாதானமாகிவிட்டார். "நீங்கள் போன அண்டைய நிலவரம்தான் கணக்கு. எழுதினது அப்பிடியே கிடக்கட்டும்" என்றார். ஆக, அந்தக் கணக்கெடுப்பில் ராத்தா இன்றைக்கும் தனியாகத்தான் உலை வைக்கிறா. சீட்டில் விழாத பல வீடுகளில் தனியே உண்கிற எத்தனையோ பேருக்காகவும் சேர்த்து அவவின் ஒரு கோடு பதில் சொல்கிறது. திருகோணமலையில் என் தெரு சீட்டில் விழவே இல்லை. என் படலையை யாரும் தட்டவில்லை. அப்படியென்றால் எனக்காகவும் அவதான் பதில் சொல்லியிருக்கிறா. சொல்லிவிட்டு, அந்தக் கூட்டத்தை விட்டு அவ வெளியேறியும் விட்டா. நல்லாயிருக்கட்டும்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எனக்கு இங்கே காலைச் சாப்பாட்டு நேரம், அம்மாவுக்குக் கனடாவில் இரவுச் சாப்பாடு. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்துக் கோப்பையும் கழுவிவிட்டுத்தான் போன் எடுப்பேன். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்பா, "ஓம்" என்பேன், அதோடு அந்தக் கதை முடிந்துவிடும். இப்போது இடியப்பத்தைக் கோப்பையில் போட்டதும் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அம்மாவும் தன் கோப்பையோடு வந்து இருக்கிறா. சம்பலில் தேசிப்புளி காணாது என்று அங்கிருந்து பார்த்தே சொல்கிறா. நிறத்தைப் பார்த்தால் தெரியுமாம். பொய் என்கிறேன். இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடிக்கிறோம். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

நாளைக்கே யாராவது தொப்பியும் பையுமாக என் படலையில் வந்து நின்று, இங்கே எத்தனை பேர் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், ஓராள் என்றுதான் சொல்வேன். அடுப்பு வேறு, விதி விதிதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். வருகிறவர் அதுவரைக்கும் பேனையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும்.